அந்த ஒரு கேப்ஸ்யூலுக்குள் இரண்டு மருந்து இருக்கிறது

அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு மகன் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 67 வயது, இன்னும் ரப்பர் வெட்டுக்குப் போகிறவர். சிறுநீர் மெலிதாக, விட்டு விட்டு வருகிறது, இரவில் நாலைந்து முறை எழுந்திருக்கிறார் என்று டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். ஸ்கேனில் புராஸ்டேட் 48 கிராம், சிறுநீர் கழித்த பிறகும் பையில் 70 மி.லி. மிச்சம், ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம், கூடினால் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்போம்) 3.1. டாம்சுலோசினும் டூட்டாஸ்டெரைடும் சேர்ந்த கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டுவிட்டு, "தலை கறங்குது, பெரிசா குறையவும் இல்ல, ஆண்மையும் போயிடும்னு சொல்றாங்க" என்று அப்பா தானாகவே நிறுத்திவிட்டார். இப்போது நெருஞ்சில் கஷாயம் குடிக்கிறார். அடுத்த மாதம் கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறது. "இதைவிட நல்ல மாத்திரை எது? ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா?" என்பது கேள்வி.

நல்ல மாத்திரை எது என்று கேட்டிருந்தாலும், அந்தக் கேள்விக்குள் வேறு மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குத் தெரிகிறது. கொடுத்த மருந்து தப்பா? அப்பா நிறுத்தியது ஆபத்தா? இனி என்ன செய்வது? நான் யூராலஜி படித்து, நாகர்கோவிலில் பல வருடமாக இதே நோயாளிகளைப் பார்த்து வருபவன். உங்கள் அப்பாவை நான் பரிசோதிக்கவில்லை. அதனால் இங்கே எழுதுவது எதுவும் அவருக்கான மருந்துச்சீட்டு ஆகாது. உங்கள் டாக்டரிடம் என்ன பேச வேண்டும் என்பதற்கான தயாரிப்பாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்விக்கு மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எழுதியிருக்கும் அளவுகளை வைத்துப் பார்த்தால் மருந்துத் தேர்வில் தப்பு தெரியவில்லை. அந்த ஒரு கேப்ஸ்யூலுக்குள் இரண்டு வெவ்வேறு மருந்துகள் இருக்கின்றன, இரண்டும் இரண்டு வேலை செய்கின்றன, இரண்டுக்கும் தொந்தரவு வேறு, காலக்கெடு வேறு என்பதை யாரும் அப்பாவுக்கு உட்கார்ந்து சொல்லவில்லை. குழப்பம் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி. இளம் வயதில் சுமார் 20 கிராம் இருக்கும். நாற்பதைத் தாண்டியதும், குழாயை ஒட்டியிருக்கும் உள்பகுதி மெல்ல வளர ஆரம்பிக்கிறது. இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. அறுபது வயதில் ஏறக்குறைய பாதி ஆண்களுக்கு இந்த வளர்ச்சி இருக்கும். ஆனால் வளர்ந்த எல்லோருக்கும் தொந்தரவு வருவதில்லை. 80 கிராம் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் உண்டு, 30 கிராமில் சிறுநீர் அடைத்து வருகிறவர்களும் உண்டு. காரணம், அடைப்பு இரண்டு வழியாக வருகிறது. சதை வளர்ந்து குழாயை நெருக்குவது ஒன்று. புராஸ்டேட்டிலும் பையின் கழுத்திலும் இருக்கும் மென்தசை இறுகிப் பிடிப்பது இன்னொன்று. இறுக்கத்தைத் தளர்த்த ஒரு மருந்து, வளர்ந்ததைச் சுருக்க இன்னொரு மருந்து. அப்பாவின் கேப்ஸ்யூலில் இரண்டுமே இருக்கின்றன.

தளர்த்தும் மருந்துதான் டாம்சுலோசின். ஆல்பா பிளாக்கர் என்ற வகை. இதே வகையில் சைலோடோசின், அல்ஃபுசோசின், டாக்சசோசின், டெராசோசின், பிராசோசின் எல்லாம் வரும். சில நாளில், அதிகம் போனால் இரண்டு மூன்று வாரத்தில், சிறுநீர் வரும் வேகத்தில் வித்தியாசம் தெரியும். புராஸ்டேட் பெரிதோ சிறிதோ, வேலை செய்யும். ஆனால் சுரப்பியின் அளவை ஒரு கிராம்கூடக் குறைக்காது. நிறுத்தினால் சில நாளில் பழைய நிலைக்குத் திரும்பும்.

தலைசுற்றலுக்குக் காரணமும் இதே பாதிதான். தசையைத் தளர்த்தும் அதே வேலையை ரத்தக்குழாய்ச் சுவரிலும் கொஞ்சம் செய்கிறது. படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் ஒரு நிமிடம் இறங்கிவிடும். இங்கே உங்கள் அப்பாவின் தொழிலை நினைத்துப் பார்க்கிறேன். விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கு எழுந்து, ஒரு கட்டன் சாயா குடித்தும் குடிக்காமலும், நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு சரிவான தோட்டத்தில் ஏறுகிறவர். மரத்தடியில் குனிந்து நிமிர்வதுதான் வேலையே. அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்குப் பெரிதாகத் தெரியாத தலைசுற்றல், இவரைக் கையில் வெட்டுக் கத்தியோடு கீழே தள்ளிவிடும். அவர் பயந்து நிறுத்தியதில் நியாயம் இருக்கிறது. அதைத் திட்டாதீர்கள்.

அதே சமயம், எப்போது, எப்படிச் சாப்பிட்டார் என்று கேளுங்கள். டாம்சுலோசினை வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் அதன் உச்ச அளவு 40 முதல் 70 சதவீதம் வரை கூடுதலாக ஏறும். தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கழித்து என்பது சும்மா எழுதிய குறிப்பு இல்லை. காலையில் கிளம்பும்போது வெறும் வயிற்றில் போட்டுவிட்டு மலை ஏறியிருந்தால் தலை சுற்றத்தான் செய்யும். இரவுச் சாப்பாடு முடித்து அரை மணி கழித்துப் போட்டு, எழும்போது கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு நின்றால் பலருக்கு இந்தப் பிரச்சினையே அடங்கிவிடும். கேப்ஸ்யூலைப் பிரித்தோ, கடித்தோ சாப்பிடக்கூடாது.

இன்னொன்று: பிரஷர் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். பிராசோசின் நம்மூரில் ரத்த அழுத்தத்துக்கும் எழுதப்படும் மருந்து. ஒரு டாக்டர் பிரஷருக்கு அதைக் கொடுத்திருக்க, இன்னொருவர் புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் கொடுக்க, ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு மருந்து உள்ளே போவதை நான் பார்த்திருக்கிறேன். ஆண்மைக்கு என்று கடையில் வாங்கும் சில்டெனாஃபில் மாத்திரையும் இதோடு சேர்ந்தால் அழுத்தத்தை இறக்கும். அப்பா வாங்க மாட்டார் என்று நீங்கள் நினைக்கலாம். டாக்டர் கேட்கட்டும்.

அந்த வகையிலேயே வேறு மருந்துக்கு மாற முடியுமா என்றால், முடியும். சைலோடோசின் புராஸ்டேட்டில் இருக்கும் குறிப்பிட்ட வகை ஏற்பிகளையே (மருந்து போய் ஒட்டும் இடங்களையே) பெரும்பாலும் பிடிப்பதால் ரத்த அழுத்தத்தைக் குறைவாகத் தொடும். 8 மி.கி., சாப்பாட்டோடு. சிறுநீரக வேலை மிதமாகக் குறைந்தவர்களுக்கு 4 மி.கி., மோசமாகக் குறைந்தவர்களுக்குக் கூடாது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. உறவின்போது விந்து வெளியே வராமல் போவது இதில் மிக அதிகம், அமெரிக்க ஆய்வுகளில் நூற்றில் 28 பேருக்கு அப்படி ஆனது. உச்சம் தெரியும், திரவம் வராது. உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை, நிறுத்தினால் சரியாகிவிடும். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பெரும்பாலான ஆண்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. சொல்லாமல் விட்டால் எல்லாம் போய்விட்டது என்று நினைத்து உடைந்துவிடுவார்கள். அல்ஃபுசோசினில் இந்தத் தொந்தரவு குறைவு. டாக்சசோசின், டெராசோசின் இரண்டும் அழுத்தத்தை நன்றாகவே இறக்கும் என்பதால், மலையேறி வேலை பார்க்கும் ஒருவருக்கு நானாக இருந்தால் அவற்றை முதலில் எடுக்க மாட்டேன்.

இனி இரண்டாவது பாதி, டூட்டாஸ்டெரைடு. இதன் கதை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டொமினிக்கன் குடியரசு நாட்டில் சலினாஸ் என்ற ஊரில், பிறக்கும்போது பெண் என்று எண்ணி வளர்க்கப்பட்ட சில குழந்தைகள் பருவ வயதில் ஆணாக மாறினார்கள். ஆராய்ந்தவர்கள் 1974-ல் காரணத்தை வெளியிட்டார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரானை, டி.எச்.டி. என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றும் ஒரு நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு. வளர்ந்து பெரியவர்களான பிறகும் அவர்களுக்கு ஆண்குரல், தசை எல்லாம் இருந்தன, ஆனால் புராஸ்டேட் மட்டும் கடைசி வரை சிறியதாகவே இருந்தது. அப்படியானால் அந்த நொதியை மருந்தால் தடுத்தால் வளர்ந்த புராஸ்டேட் சுருங்குமே என்ற யோசனையில் வந்ததுதான் ஃபினாஸ்டெரைடு. அமெரிக்காவில் 1992-ல் அனுமதி கிடைத்தது. அதன் அடுத்த தலைமுறை டூட்டாஸ்டெரைடு. நொதியின் இரண்டு வடிவங்களையும் தடுப்பதால் டி.எச்.டி.யை 90 சதவீதத்துக்கும் மேல் குறைக்கிறது.

இந்த மருந்து அவசரப்படாது. ஹார்மோன் குறைந்து, திசு மெல்லச் சுருங்கி, அளவு கால் பங்கு வரை குறைய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். 48 கிராம் இருந்தது 36, 38 பக்கம் வரலாம். ஆகவே இரண்டு மாதம் பார்த்துவிட்டுக் குறையவில்லை என்று முடிவு கட்டுவது இந்த மருந்துக்குச் செய்யும் அநியாயம். அப்பா இதைச் சோதித்தே பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். சுரப்பி பெரிதாக இருப்பவர்களுக்குத்தான் இது பலன் தரும். 30 கிராமுக்குக் கீழே இருப்பவருக்கு எழுதுவதில் பிரயோசனம் இல்லை. உங்கள் அப்பா அந்த எல்லைக்கு நன்றாகவே மேலே இருக்கிறார்.

அவரைப் போன்றவர்களையே சேர்த்து, இதே இரண்டு மருந்துகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. 4,800-க்கும் மேற்பட்ட ஆண்கள். புராஸ்டேட் 30-க்கு மேல், பி.எஸ்.ஏ. 1.5-க்கு மேல் உள்ளவர்களை மட்டும் எடுத்து நான்கு வருடம் பார்த்தார்கள். முடிவு 2010-ல் வந்தது. திடீர் அடைப்போ புராஸ்டேட் ஆபரேஷனோ தேவைப்பட்டவர்கள், டாம்சுலோசின் மட்டும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 12 பேர், இரண்டும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 4 பேர், டூட்டாஸ்டெரைடு மட்டும் சாப்பிட்டவர்களில் 5 பேர். இதை நிதானமாகப் பாருங்கள். பின்னாளில் வரும் ஆபத்தைத் தள்ளிப்போடும் வேலையை டூட்டாஸ்டெரைடுதான் செய்கிறது. டாம்சுலோசின் தருவது இன்றைய நிம்மதி. இன்னொன்றும் இந்த எண்களில் இருக்கிறது: டாம்சுலோசின் மட்டும் எடுத்தவர்களில்கூட நூற்றில் 88 பேருக்கு அந்த நான்கு வருடத்தில் அடைப்போ ஆபரேஷனோ வரவில்லை. எல்லோரும் ஆபரேஷனில்தான் போய் முடிவார்கள் என்ற பயம் தேவையில்லை.

ஆண்மை விஷயம். இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். டூட்டாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு இரண்டிலும் சிலருக்கு ஆசை குறைவதும், விறைப்பு குறைவதும், விந்தின் அளவு குறைவதும் உண்டு. மார்பில் லேசான வீக்கமோ வலியோ வரலாம். மேலே சொன்ன ஆய்வில் இரண்டு மருந்தும் சேர்த்து எடுத்தவர்களில் விறைப்புக் குறைபாடு சொன்னவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. பெரும்பாலும் முதல் வருடத்தில்தான் தெரியும். நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சரியாகிறது. நிறுத்திய பிறகும் தொடர்ந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பிலும் அது இடம்பெற்றிருக்கிறது. அது மருந்தால்தானா, எத்தனை பேருக்கு என்பதில் மருத்துவ உலகில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. டீக்கடையில் சொல்வது போல எல்லோருக்கும் போய்விடும் என்பது பொய். யாருக்கும் எதுவும் ஆகாது என்று சொன்னால் அதுவும் பொய். முடிவு அப்பாவுடையது. நம் பக்கத்து ஆண்கள் மகன் முன்னால் இதை வாய் திறந்து பேச மாட்டார்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நீங்கள் பத்து நிமிடம் வெளியே உட்காருங்கள்.

டூட்டாஸ்டெரைடு பற்றி வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. கர்ப்பமாக இருக்கும் பெண்கள் உடைந்த, கசியும் கேப்ஸ்யூலைத் தொடக்கூடாது. தோல் வழியாக உள்ளே போய், வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது மருமகள் என்றால், கர்ப்பக் காலத்தில் அந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும். இந்த மருந்து சாப்பிடுகிறவர் ரத்த தானமும் செய்யக்கூடாது, நிறுத்தி ஆறு மாதம் கழித்துத்தான் செய்யலாம்.

பி.எஸ்.ஏ. பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. புராஸ்டேட்டைச் சுருக்கும் மருந்து ஆறு மாதம் ஒரு வருடத்தில் பி.எஸ்.ஏ.யை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடும். அப்பாவுக்கு 3.1 இருந்தது ஒன்றரைக்குப் பக்கத்தில் வர வேண்டும். அப்போது வேறொரு டாக்டர் பரிசோதித்து 3 என்று வந்தால், 4-க்குள் இருக்கிறது, நார்மல் என்று சொல்லி அனுப்பிவிடக்கூடும். உண்மையில் அதை இரண்டால் பெருக்கி 6 என்று படிக்க வேண்டும். மருந்து சாப்பிடும் காலத்தில், இறங்கிய இடத்திலிருந்து திரும்ப ஏறினாலே, அது எந்த எண்ணாக இருந்தாலும், ஏன் என்று பார்க்க வேண்டும். மருந்து தொடங்கிய தேதியையும் அன்றைய பி.எஸ்.ஏ.யையும் சீட்டின் மேலேயே எழுதி வையுங்கள். தலைமுடி கொட்டுவதற்கு என்று இளைஞர்கள் சாப்பிடும் 1 மி.கி. ஃபினாஸ்டெரைடும் இதே வகைதான், அதுவும் பி.எஸ்.ஏ.யைக் குறைக்கும்.

இப்போது கண் ஆபரேஷன். உங்கள் கேள்வியில் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அவசரமாகத் தெரிகிறது. டாம்சுலோசின் தளர்த்தும் தசைகளில் கண்ணின் பாப்பாவை விரிக்கும் தசையும் ஒன்று. இந்த மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கண்புரை ஆபரேஷனின்போது பாப்பா சரியாக விரியாமல், நடுவில் சுருங்கி, கருவிழிப் படலம் தொளதொளவென்று ஆடலாம். 2005-ல் கண் மருத்துவர்கள் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். முன்பே தெரிந்தால் சர்ஜன் அதற்கான மருந்தும் கருவியும் தயாராக வைத்துக்கொண்டு நன்றாகவே செய்துவிடுவார். தெரியாமல் தொடங்கினால்தான் சிக்கல். மருந்தை நிறுத்தி வாரங்கள், மாதங்கள் ஆனாலும் இந்த விளைவு இருக்கலாம். உங்கள் அப்பா நிறுத்திவிட்டார் அல்லவா? மருத்துவமனையில் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார். சீட்டையும் காலி அட்டையையும் நீங்களே கையில் எடுத்துக்கொண்டு போய், ஆபரேஷன் தேதிக்கு முன்பே கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

இதிலிருந்தே ஒரு யோசனை வருகிறது. இரண்டும் ஒரே கேப்ஸ்யூலில் இருப்பதால்தான் அப்பா ஒன்றுக்காக இரண்டையும் நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டையும் தனித்தனியாக எழுதித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கண் ஆபரேஷன் முடியும்வரை டாம்சுலோசினைத் திரும்பத் தொடங்காமல் இருப்பதும், டூட்டாஸ்டெரைடை மட்டும் இப்போதே தொடர்வதும் நியாயமான வழியாக எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பையில் மிச்சம் கூடிக்கொண்டே போனாலோ, முக்கினாலும் வராத நிலை வந்தாலோ காத்திருக்க முடியாது. அப்போது தளர்த்தும் மருந்தைத் தொடங்கி, கண் டாக்டருக்குத் தகவல் சொல்லிவிடுவதே சரி. இதை அப்பாவைப் பார்த்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். தனித்தனியாக வாங்கினால் செலவு கூடும் என்று கவலைப்பட்டால், மக்கள் மருந்தகத்தில் பொதுப்பெயரில் கிடைக்குமா என்று விசாரியுங்கள், விலை நன்றாகவே குறையும்.

இரவில் நாலைந்து முறை எழுவதற்கு முழுப் பழியையும் புராஸ்டேட் மேல் போட்டுவிடாதீர்கள். மாத்திரை கொடுத்தும் குறையாத புகார் எது என்று கேட்டால், என் அனுபவத்தில் இதுதான். மூன்று நாள், ஒரு அளவுக் கப்பில் பிடித்து, எத்தனை மணிக்கு எவ்வளவு போனது, என்ன குடித்தார் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுவதும் போகும் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தூங்கும் நேரத்திலேயே போகிறது என்றால், சிறுநீர் இரவில் அதிகமாக ஊறுகிறது என்று பொருள். அதற்கு சர்க்கரை நோய், கால் வீக்கம், இதயக் கோளாறு, குறட்டையோடு மூச்சு நிற்பது, மாலையில் சாப்பிடும் நீர் பிரியும் மாத்திரை என்று காரணங்கள் உண்டு. ரப்பர் வெட்டுகிறவருக்கு இரவு என்பது எட்டு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடிந்துவிடுகிறது. தோட்டத்தில் வேலையாக இருந்துவிட்டு, வெயிலில் இழந்ததை எல்லாம் சாயங்காலத்துக்கு மேல் ஈடுகட்டித் தண்ணீர் குடித்தால், தூக்கம் போகத்தான் செய்யும். தண்ணீரைக் குறைக்க வேண்டாம், மதியத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள். சாயங்காலக் கட்டன் சாயாவையும் முடிந்தால் விடட்டும்.

போகும் வேகம் சரி, ஆனால் அடக்க முடியாமல் ஓட வேண்டியிருக்கிறது என்பவர்களுக்குச் சிறுநீர்ப்பையை அமைதிப்படுத்தும் சோலிஃபெனாசின், மிராபெக்ரான் போன்ற மருந்துகளைச் சேர்ப்பதுண்டு. மிச்சம் 150 மி.லி.க்கு மேல் இருந்தால் யோசித்துத்தான் சேர்ப்போம். சோலிஃபெனாசின் வகை வாயையும் மலத்தையும் வறட்டும், மிராபெக்ரான் ரத்த அழுத்தத்தைக் கூட்டலாம். தினமும் 5 மி.கி. டாடலஃபில் என்பது இன்னொரு வழி. விறைப்புக் குறைபாடும் இருப்பவருக்கு இரண்டுக்கும் ஒரே மருந்தாக அமையும், அமெரிக்காவில் 2011 முதல் புராஸ்டேட்டுக்கே அனுமதி உள்ளது. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவருக்கு இது கண்டிப்பாகக் கூடாது, உயிருக்கே ஆபத்து.

நெருஞ்சில் கஷாயம். சித்த மருத்துவம் வேரோடிய மாவட்டம் நம்முடையது. நீரடைப்புக்கு நெருஞ்சில் கொடுப்பது தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம், அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் நெருஞ்சில் சிறுநீரைப் பெருக்கும் என்றுதான் மரபிலேயே கொடுக்கிறார்கள். வழி அடைத்திருக்கும்போது வரத்தைக் கூட்டினால், இரவில் எழுவதும் கூடலாம். புராஸ்டேட்டைச் சுருக்கும் என்பதற்கு, மேலே நான் சொன்ன மாதிரி ஆயிரக்கணக்கானவர்களை ஒப்பிட்டுப் பார்த்த சான்று இல்லை. மூலிகை என்பதற்காக மட்டும் இப்படிச் சொல்லவில்லை. மேலை நாடுகளில் பெரிதாக விற்ற சா பால்மெட்டோ என்ற பனைவகைப் பழச் சாற்றை 2006-லும் 2011-லும் முறையாகச் சோதித்தார்கள், வெற்று மாத்திரையைவிடப் பலன் இல்லை என்று வந்தது. அப்பாவுக்குச் சித்தமோ ஆயுர்வேதமோதான் வேண்டும் என்றால், படித்துப் பட்டம் பெற்ற மருத்துவரிடம் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு போகட்டும், கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியே இருக்கிறது. லேபிள் இல்லாத பொடியைச் சந்தையில் வாங்கிக் கலக்கிக் குடிப்பது மட்டும் வேண்டாம்.

ஆயுள் முழுக்கவா என்ற கேள்விக்கு வருகிறேன். தளர்த்தும் மருந்தைப் பலர் ஒரு கட்டத்தில் விட முடியும். இரண்டையும் ஆறு மாதம் சேர்த்துக் கொடுத்துவிட்டு டாம்சுலோசினை மட்டும் நிறுத்திப் பார்த்த ஓர் ஆய்வில், நான்கில் மூன்று பேர் நிலைமை அப்படியே இருக்கிறது அல்லது தேவலை என்றார்கள். தொடக்கத்திலேயே தொந்தரவு கடுமையாக இருந்தவர்களுக்குத்தான் அதிகமாகத் திரும்ப வந்தது. சுருக்கும் மருந்து வேறு மாதிரி. அதை நிறுத்தினால் சுரப்பி மெல்லத் திரும்ப வளரும், அதனால் பலன் இருக்கிறவரை தொடர வேண்டியதுதான். மாத்திரையே வேண்டாம் என்றால் குழாய் வழியாகச் சுரண்டி எடுக்கும் ஆபரேஷனும் லேசரும் இருக்கின்றன. அடிக்கடி அடைப்பு, பையில் கல், திரும்பத் திரும்ப கிருமித் தொற்று அல்லது ரத்தம், சிறுநீரகப் பாதிப்பு என்று வந்தால் மாத்திரையைப் பிடித்துக்கொண்டு தொங்கக்கூடாது. தூத்தூர், சின்னத்துறைப் பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் ஒருமுறை அடைத்து வந்தாலே, ஆபரேஷன் பற்றி நான் சீக்கிரமே பேசிவிடுவேன். நடுக்கடலில் சிறுநீர் அடைத்தால் குழாய் போட ஆள் கிடையாது.

உங்கள் அப்பாவுக்கும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. மழைக்காலத்தில் சளி பிடித்தால் மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் இருக்கும். ஒன்று பையின் அழுத்தும் சக்தியைக் குறைக்கும், மற்றது பையின் கழுத்தை இறுக்கும். நன்றாகப் போய்க்கொண்டிருந்தவருக்கு ஒரே இரவில் அடைத்துவிடும். மலச்சிக்கலும் மதுவும் அப்படித்தான். வயிறு முட்டி, வலித்து, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜோ, குழாய் போடக்கூடிய பக்கத்து ஆஸ்பத்திரியோ, எந்த நேரமானாலும் போங்கள். காய்ச்சலோடு குளிர் நடுக்கம், சிறுநீரில் ரத்தம், தன்னையறியாமல் சொட்டுச் சொட்டாகக் கசிவது ஆகியவற்றுக்கும் இதே அவசரம்தான்.

கடைசியாக, உங்கள் குறிப்பில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரை மூன்றும் இல்லை. எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள், எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். கிரியாட்டினின் கூடியிருந்தால் மேலே நான் எழுதிய மருந்துக் கணக்கு பாதி மாறிவிடும்.